பென் டிரைவில் ஓர் அம்புக்குறி: கணினி வைரஸை இனங்காணவும் தடுக்கவும்

வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் தம் தன்விவரக் குறிப்பை அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார். கடைக்காரர் பென் டிரைவை வாங்கிச் செருகி, இரண்டு படி எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்தவரின் பென் டிரைவுக்குக் கை நீட்டுகிறார். வீட்டுக்கு வந்து தம் கணினியில் அதைத் திறந்து பார்த்தால் கோப்புறைகள் எல்லாம் பெயர் மாறாமல் இருக்கின்றன; ஆனால் ஒவ்வொன்றின் படத்திலும் இடது கீழ் மூலையில் சிறிய வளைந்த அம்புக்குறி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஊர்களில் பலரும் கணினி வைரஸை முதன்முதலில் சந்திப்பது இந்த அம்புக்குறியின் வடிவில்தான். வேறோர் இடத்தில் உள்ள கோப்பையோ நிரலையோ திறக்கும் சுட்டிக்கு விண்டோஸில் ஷார்ட்கட் என்று பெயர், அதன் அடையாளம்தான் இந்த அம்புக்குறி; அதனால் எல்லோரும் இதை ஷார்ட்கட் வைரஸ் என்றே சொல்கிறோம். இது செய்யும் தந்திரம் பிடிபட்டுவிட்டால் மற்ற வைரஸ்கள் பலவற்றின் போக்கும் எளிதில் விளங்கும் என்பதால், இதிலிருந்தே தொடங்குகிறேன்.

கடைக் கணினியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வைரஸ், பென் டிரைவ் செருகப்பட்ட சில நொடிகளுக்குள் மூன்று காரியங்களைச் செய்திருக்கிறது. உங்கள் கோப்புறைகளுக்கு மறைக்கப்பட்டவை என்றும், விண்டோஸ் அமைப்புக்கே உரியவை என்றும் இரண்டு அடையாளங்களைச் சூட்டி அவற்றைக் கண்ணில் படாமல் செய்துவிட்டது. தன்னுடைய நகல் ஒன்றைப் பென் டிரைவில் ஒளித்து வைத்தது. பின்னர் உங்கள் கோப்புறைகளின் பெயரிலேயே போலி ஷார்ட்கட்டுகளை உருவாக்கியது. அந்த ஷார்ட்கட்டை நீங்கள் இருமுறை சொடுக்கும்போது முதலில் வைரஸ் ஓடுகிறது, அடுத்த கணமே உங்கள் உண்மையான கோப்புறையும் திறக்கிறது. தேடிய கோப்பு கிடைத்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. அதற்குள் வீட்டுக் கணினியும் அடுத்த பென் டிரைவுக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறது. இதில் இன்னொரு வகை, எல்லாக் கோப்புகளையும் பெயரே இல்லாத ஒரு கோப்புறைக்குள் தள்ளிவிட்டு, பென் டிரைவின் பெயரில் ஒரே ஒரு ஷார்ட்கட்டை மட்டும் வெளியே விட்டு வைக்கும்.

இவ்வளவு சுற்றி வளைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பெல்லாம் பென் டிரைவைச் செருகினாலே அதிலுள்ள நிரல் தானாக ஓடத் தொடங்கும் ஆட்டோரன் என்ற வசதி விண்டோஸில் இருந்தது. 2008 நவம்பரில் வெளிப்பட்ட கான்ஃபிக்கர் என்ற வைரஸ் அந்த வசதியையும் பயன்படுத்திப் பரவியது. விண்டோஸ் 7 வந்தபோது பென் டிரைவ்களுக்கு அவ்வசதி நீக்கப்பட்டது. 2011 பிப்ரவரியில் அதற்கு முந்தைய விண்டோஸ் பதிப்புகளான எக்ஸ்பி, விஸ்டா கணினிகளிலும் புதுப்பிப்பு வழியாக அது நிறுத்தப்பட்டது. தானாக ஓட வழியில்லாமற்போன வைரஸுக்கு, பயனரின் விரலே இனித் தேவையாயிற்று. இடையில் 2010-இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ், ஷார்ட்கட்டின் படத்தைத் திரையில் காட்டும்போதே நிரல் ஓடிவிடும்படியான ஒரு குறையை விண்டோஸில் பயன்படுத்திக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அதை அடைத்தது. ஆகவே "திறக்காமல் பார்த்தால் மட்டும் போதும், ஒன்றும் ஆகாது" என்பது, புதுப்பிப்புகள் ஒழுங்காக நிறுவப்பட்ட கணினியில்தான் பெரும்பாலும் சரி.

அம்புக்குறியைக் கண்டதும் அதை உறுதிசெய்துகொள்ளும் வழி எளியது. அந்தப் படத்தின்மேல் வலப்பக்கச் சொடுக்குச் செய்து, புரோப்பர்ட்டீஸ் என்பதைத் திறந்து, டார்கெட் என்ற வரியைப் படியுங்கள். உண்மையான ஷார்ட்கட் என்றால் அங்கே ஒரு கோப்புறையின் அல்லது நீங்கள் அறிந்த ஒரு மென்பொருளின் பாதை இருக்கும். வைரஸ் என்றால் சிஎம்டி (cmd), டபிள்யூஸ்கிரிப்ட் (wscript), ரன்டிஎல்எல் (rundll) போன்ற சொற்களில் ஒன்று தொடக்கத்தில் இருந்து, பின்னால் பொருளற்ற எழுத்துகள் நீளும். அடுத்ததாக, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் பேஸ்டு ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் என்ற பெயரில் ஏதேனும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அலுவலக நிர்வாகத்தின்கீழ் உள்ள கணினிகளில் அதற்கு வேலை இருக்கலாம். வீட்டுக் கணினியில் அது காரணமின்றி எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தால் கணினியும் தொற்றுக்கு ஆளாகிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

சுத்தம் செய்யும்போது வரிசை முக்கியம். பழுது பார்க்கக் கற்றுக்கொண்ட நாள்களில் நானே ஒரு பென் டிரைவை மூன்று முறை சுத்தம் செய்து, மூன்று முறையும் அதே கணினியில் செருகி, அம்புக்குறிகள் மறுபடி முளைப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டேன். கணினிதான் முதலில், பென் டிரைவ் பிறகு. பென் டிரைவைக் கழற்றி வைத்துவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன் பகுதிக்குச் சென்று, வைரஸ் பட்டியலை முதலில் புதுப்பித்துக்கொண்டு, ஸ்கேன் ஆப்ஷன்ஸ் என்பதில் உள்ள ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் முழுமையாக எழுவதற்கு முன்பே சோதனை நடக்கும் என்பதால், ஓடும்போது தன்னைக் காத்துக்கொள்ளும் வைரஸ்களும் இதில் சிக்குகின்றன. ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். அது முடிந்தபின் ஃபுல் ஸ்கேன் ஒன்றையும் ஓட விடுங்கள்; அதற்குச் சில மணி நேரம்கூடப் பிடிக்கலாம் என்பதால் இரவில் விட்டுவிடுவது நல்லது.

பிறகு பென் டிரைவைச் செருகுங்கள். உள்ளே எதையும் இருமுறை சொடுக்காமல், வலப்பக்கச் சொடுக்கில் வரும் ஸ்கேன் வசதியால் சோதியுங்கள். அடுத்து ஃபைல் எக்ஸ்புளோரரின் ஆப்ஷன்ஸ் பகுதியில் வியூ என்ற பிரிவைத் திறந்து, மறைந்த கோப்புகளைக் காட்டு என்பதைத் தேர்வு செய்யுங்கள். அதோடு, பாதுகாக்கப்பட்ட இயக்க அமைப்புக் கோப்புகளை மறை என்ற கட்டத்தில் உள்ள குறியையும் எடுத்துவிட வேண்டும். பலர் முதல் படியை மட்டும் செய்துவிட்டு, கோப்புகள் அழிந்தே போய்விட்டன என்று பென் டிரைவை ஃபார்மட் செய்துவிடுவது இந்த இரண்டாம் கட்டத்தை அறியாததால்தான். இப்போது உங்கள் உண்மையான கோப்புறைகள் சற்று மங்கிய நிறத்தில் தெரியும். அந்தக் கோப்புறையை அப்படியே நகலெடுத்தால் மறைப்பு அடையாளமும் கூடவே வரும் என்பதால், கணினியில் புதிதாக ஒரு கோப்புறையை உருவாக்கி, மங்கிய கோப்புறைக்குள் சென்று, உள்ளே இருக்கும் ஆவணங்களையும் படங்களையும் மட்டும் தேர்ந்தெடுத்து அதற்கு மாற்றுங்கள். ஷார்ட்கட்டுகளையும், நீங்கள் வைக்காத எந்தக் கோப்பையும் எடுக்க வேண்டாம். எல்லாம் வந்துவிட்டதைச் சரிபார்த்தபின் பென் டிரைவை ஃபார்மட் செய்யலாம். முடிந்ததும், நீங்கள் நீக்கிய அந்த இரண்டாம் கட்டத்தின் குறியைத் திரும்ப இட்டுவிடுங்கள். விண்டோஸின் சொந்தக் கோப்புகளை வீட்டில் வேறு யாரேனும் குப்பை என்று நினைத்து அழித்துவிடக் கூடாது.

அச்செடுக்க மட்டுமே என்றால் பென் டிரைவே தேவையில்லை. பிடிஎஃப் கோப்பாக மாற்றிக் கடையின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடலாம். எடுத்துச் சென்றே ஆகவேண்டும் என்றால், அதற்கென்று ஒரு சிறிய பென் டிரைவை ஒதுக்கி, அச்செடுக்க வேண்டிய கோப்பைத் தவிர வேறெதுவும் அதில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பத்தாண்டுக் குடும்பப் படங்கள் இருக்கும் பென் டிரைவைக் கடையில் நீட்டுவது, ஒற்றைப் பத்து ரூபாய் கொடுக்க வேண்டிய இடத்தில் மொத்தப் பணப்பையையும் கொடுப்பது போன்றது.

ஷார்ட்கட் வைரஸின் தந்திரம் பெயரில் இருக்கிறது. ஒன்றை வேறொன்றாகக் காட்டும் இந்த வித்தைதான் 2000 மே மாதம் உலகையே கலங்கடித்த ஐ லவ் யூ வைரஸிலும் இருந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய அது, காதல் கடிதம் ஒன்றை இணைத்திருப்பதாகச் சொல்லும் மின்னஞ்சலாக வந்தது. இணைப்பின் பெயர் டிஎக்ஸ்டி என்று முடிவதாகத் திரையில் தெரிந்தது. அதாவது வெறும் எழுத்துக் கோப்பு. உண்மையில் அதற்குப் பின்னால், ஓடக்கூடிய நிரலைக் குறிக்கும் விபிஎஸ் என்ற இன்னொரு பின்னொட்டும் இருந்தது. அறிந்த வகைக் கோப்புகளின் பின்னொட்டை விண்டோஸ் மறைத்துவிடும் என்பதால் அது கண்ணில் படவில்லை. திறந்தவர்களின் கணினியில் இருந்த ஜேபிஜி படங்களின்மேல் தன்னையே எழுதிவிட்டு, அவர்களுடைய முகவரிப் பட்டியலில் உள்ள அனைவருக்கும் அது தன்னை அனுப்பிக்கொண்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் விண்டோஸ் பின்னொட்டை இயல்பாக மறைத்தே தருகிறது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

எனவே புதுக் கணினியில் நான் முதலில் மாற்றும் அமைப்பு இதுதான். விண்டோஸ் 11 என்றால் ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைச் சொடுக்கினால் எல்லாக் கோப்புகளின் முழுப்பெயரும் தெரியத் தொடங்கும். அதன்பின் விலைப்பட்டியல் என்று சொல்லி வந்த பிடிஎஃப், பெயரின் இறுதியில் இஎக்ஸ்இ (exe), எஸ்சிஆர் (scr), ஜேஎஸ் (js), விபிஎஸ் (vbs), பிஏடி (bat) இவற்றில் ஒன்றோடு முடிந்தால், அது ஆவணம் அன்று, ஓடக்கூடிய நிரல் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். இதற்கும் ஒரு விலக்கு உண்டு: ஷார்ட்கட் கோப்பின் பின்னொட்டை இந்த அமைப்பை மாற்றினாலும் விண்டோஸ் காட்டுவதில்லை, அதற்கு அம்புக்குறிதான் அடையாளம். வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கான ஒரு மறைகுறியைப் பெயரின் நடுவில் நுழைத்து, பின்னொட்டின் எழுத்துகளைத் திருப்பிக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஏமாறாமல் இருக்க, கோப்புகளை டீட்டெயில்ஸ் முறையில் பார்த்து டைப் என்ற பத்தியைப் படிக்கும் பழக்கம் உதவும். பெயரில் என்ன எழுதியிருந்தாலும் அந்தப் பத்தியில் அப்ளிகேஷன் என்று இருந்தால் அது நிரலே.

விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைக் காசில்லாமல் தருவதாகச் சொல்லும் கிராக் கோப்புகள், நான் கண்டவரையில், பென் டிரைவுக்கு அடுத்த பெரிய வாசல். இவற்றை ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்திவிடுங்கள் என்று அவர்களே குறிப்பு எழுதியிருப்பார்கள். திருடன் வந்து, நாயைக் கட்டிப்போடுங்கள் என்று கேட்டால் நாம் கட்டிப்போடுவோமா? கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வகைகள் சில முக்கியமாக இந்த வழியில்தான் பரவுகின்றன. தமிழ்த் தட்டச்சு வேலை செய்வோருக்குத் தனியாக ஒன்று: இலவச எழுத்துரு என்று இறக்குவது டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் கோப்பாகத்தான் இருக்க வேண்டும். எழுத்துருவை நிறுவ ஓர் இஎக்ஸ்இ கோப்பை ஓட்டச் சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள். தமிழ் 99 விசைப்பலகைக்கும் இன்று வெளி மென்பொருள் தேவையில்லை. விண்டோஸின் மொழி அமைப்பிலேயே அது இருக்கிறது.

மின்னஞ்சலில் வரும் வேர்டு, எக்செல் கோப்புகளில் மேக்ரோ எனப்படும் சிறு நிரல்கள் ஒளிந்திருக்கலாம். இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022-இலிருந்து இயல்பாகவே தடுத்துவிடுகிறது. கோப்பைப் படிக்க வேண்டுமானால் அந்தத் தடையை நீக்குங்கள் என்று உள்ளே எழுதியிருந்தால், நீக்காமல் கோப்பை மூடிவிடுவதே சரி.

இனி, கணினி மெதுவாகிவிட்டது என்பதைப் பற்றி. இதைச் சொல்லிக்கொண்டு என்னிடம் வருபவர்களில் பலருடைய கணினியில் வைரஸே இருப்பதில்லை. பழைய சுழல்வட்டு, நிரம்பி வழியும் சி டிரைவ், போதாத நினைவகம் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். திரையின் வலது கீழ் மூலையில் அடிக்கடி எச்சரிக்கைகள் தோன்றுகின்றன என்றாலும் அது பெரும்பாலும் வைரஸ் இல்லை. ஏதோ ஓர் இணையதளத்தில் அறிவிப்புக்கான அனுமதியைத் தெரியாமல் கொடுத்திருப்பீர்கள், குரோமின் அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். திரை முழுவதும் சிவப்பாகி, உங்கள் கணினி தொற்றுக்கு ஆளாகிவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று கூச்சலிடுவதும் வெறும் இணையப் பக்கமே. மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்திகளிலும் எச்சரிக்கைகளிலும் தொலைபேசி எண் இருப்பதே இல்லை. டாஸ்க் மேனேஜரில் உலாவியை மூடிவிட்டால் அது மறைந்துவிடும். அந்த எண்ணை அழைத்து, அவர்கள் சொல்லும் தொலைக்கட்டுப்பாட்டு மென்பொருளை நிறுவினால்தான் உண்மையான துன்பம் தொடங்கும்.

மெய்யான அறிகுறிகள் இவற்றைவிட அமைதியானவை. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டர் அணைந்திருக்கிறது, திரும்ப இயக்கினாலும் அணைந்துவிடுகிறது. மற்றத் தளங்கள் எல்லாம் திறக்க, ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்க மறுக்கின்றன (கான்ஃபிக்கர் இதைத்தான் செய்தது). நீங்கள் ஒன்றும் செய்யாதபோதும் மின்விசிறி சீறிக்கொண்டிருக்கிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் ஓய்ந்துவிடுகிறது. நீங்கள் சேர்க்காத நீட்சி (எக்ஸ்டென்ஷன்) ஒன்று உலாவியில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் மின்னஞ்சலிலிருந்து நீங்கள் அனுப்பாத கடிதம் வந்ததாக நண்பர் கேட்கிறார். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் சோதித்துவிடுவது நல்லது. புதுக் கணினியோடு வந்த சோதனைக்கால ஆன்டிவைரஸ் காலாவதியாகிக் கிடப்பதையும் அடிக்கடி பார்க்கிறேன். அதை நம்பி உட்காராமல், விண்டோஸ் செக்யூரிட்டியில் இப்போது எது காவலுக்கு இருக்கிறது என்று பாருங்கள். காலாவதியானதை நீக்கிவிட்டால் டிஃபெண்டர் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். வீட்டுப் பயன்பாட்டுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒருசேர ஓட்டுவதால் கணினி மெதுவாகுமே தவிரக் காவல் இரட்டிப்பாகாது.

ரேன்சம்வேர் விஷயத்தில் அறிகுறி தெரியும்போது பெரும்பாலும் காரியம் முடிந்திருக்கும். கோப்புகள் திறக்காது, பின்னொட்டு மாறியிருக்கும், ஒவ்வொரு கோப்புறையிலும் பணம் கேட்கும் குறிப்பு ஒன்று கிடக்கும். 2017 மே 12 அன்று வெளிப்பட்ட வான்னாகிரை, யாரும் எதையும் சொடுக்காமலே வலையமைப்பின் வழியாகக் கணினிக்குக் கணினி தாவி, ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடையில் இருந்த எட்டு வாரங்களில் அதை நிறுவிய கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியவில்லை. புதுப்பிப்புக்காகக் கணினி மறுதொடக்கம் கேட்கும்போதெல்லாம் பிறகு என்று தள்ளிவைப்பவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் எழுதி மேசைமேல் ஒட்டிக்கொள்ளலாம். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. பழைய விண்டோஸில்தான் பில் போடும் மென்பொருள் ஓடும் என்று சொல்லும் கடைகளில், அந்தக் கணினியை இணையத்தில் சேர்க்காமல் வைத்துக்கொள்வதே நான் சொல்லக்கூடிய ஒரே யோசனை.

பூட்டப்பட்டதைத் திறக்கும் சாவி பெரும்பாலும் நம் கைக்கு வருவதில்லை. பணம் கொடுத்தாலும் வரும் என்ற உறுதியில்லை. அதனால் காப்புப்படிதான் (பேக்கப்) உண்மையான மருந்து. மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அவ்வளவு முடியாதவர்கள், வெளிவட்டு ஒன்றை வாங்கி, மாதம் ஒரு நாள் குறித்து, படங்களையும் ஆவணங்களையும் அதில் எடுத்துக்கொண்டு, உடனே கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டாலே போதும். கழற்றி வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது: எந்நேரமும் செருகியே இருக்கும் வட்டையும் ரேன்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் ஆகியவற்றோடு தானாக ஒத்திசையும் கோப்புறையும் அப்படித்தான். பூட்டப்பட்ட கோப்பே மேலே ஏறிவிடும், முந்தைய பதிப்பை மீட்கும் வசதி இருப்பதுதான் அங்கே ஓர் ஆறுதல்.

பூட்டும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கண்டுகொண்டால், இணையக் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். கண்ணெதிரே கோப்புகளின் பெயர் மாறிக்கொண்டே போனால் வீட்டுக் கணினியில் மின்பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்திவிடலாம். பதற்றத்தில் காப்புப்படி இருக்கும் வெளிவட்டைக் கொண்டுவந்து செருகிவிடாதீர்கள். மிச்சமிருந்ததையும் அப்படி இழந்தவர்கள் உண்டு. பணம் கேட்கும் குறிப்பையும் பூட்டப்பட்ட கோப்புகள் சிலவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நெதர்லாந்து காவல்துறையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கிய நோ மோர் ரேன்சம் தளத்தில் அவற்றை ஏற்றினால், எந்த வகை என்று சொல்லி, திறக்கும் கருவி இருந்தால் இலவசமாகவே தரும். இன்று கருவி இல்லாத வகைக்குச் சில மாதங்கள் கழித்து வருவதும் உண்டு என்பதால் அந்தக் கோப்புகளை அழித்துவிட வேண்டாம். கணினியைப் பொறுத்தவரை, சுத்தம் செய்வதைவிட விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே மேல்.

எந்த வைரஸாக இருந்தாலும், அது உள்ளே இருந்த நாள்களில் நீங்கள் தட்டிய கடவுச்சொற்கள் வெளியே போயிருக்கலாம் என்று கருதிக்கொள்ளுங்கள். அவற்றை அதே கணினியில் அமர்ந்து மாற்றினால் புதியதும் போய்விடும். தொற்றில்லாத வேறு கருவியிலிருந்து, முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, பிறகு மற்றவை என்ற வரிசையில் மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறச் செய்யும் வசதியையும் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்று வரும் ஏபிகே கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பை, தொட்டவர்களுக்கும் இதே வரிசைதான். அழைப்பிதழைப் பார்க்க ஒரு செயலியை நிறுவ வேண்டியதில்லை, நிறுவப்பட்டதோ குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி எண்களைப் படிக்கும். அந்தக் கைபேசியை உடனே ஃபிளைட் மோடில் போட்டு, வேறு கைபேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போய்விட்டது என்றால் இந்தியாவில் இணையவழிப் பண மோசடிகளைப் புகார் செய்வதற்கான 1930 என்ற இலவச எண்ணை அதே மணி நேரத்திலேயே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்கு முன் புகார் பதிவானால், இடைவழியில் அதை நிறுத்திவைக்க வங்கிகளால் முடியும்.